பல்லிக்குக் கணப்பு மூட்டுத பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தப் போனைக் கவுத்தி வச்சிட்டு உக்காரு. ஒங்க அம்மா காலையிலேயே எனக்கு ஆர்டர் போட்டுட்டா: "மாமா, அவன் ரூமுக்குள்ள சத்தம் போட்டுக்கிட்டுப் போயிராதிய. பல்லி வளக்கான். அதுக்கு டென்சன் ஆயிரும்." பல்லிக்கு டென்சன்! எண்பதைத் தாண்டின கெழவன் செருப்பைக் கழட்டிட்டு அடிமேல் அடி வச்சு உள்ள போனேன் பாத்துக்கோ. நம்ம ஊர்ல மனுசனைக் கண்டா பல்லி ஓடும். கனடாவுல, இந்த ஸ்கார்பரோவுல சட்டம் வேற போல.

உள்ள போனா கண்ணாடி அரமனை. ஒரு பாறை, ஒரு மண்டை ஓடு, பிளாஸ்டிக்குல கள்ளிச்செடி, பின்சுவரு பூரா பாலைவனப் படம். நடுவுல மஞ்சத் தோலும் கரும்புள்ளியும் கொழுத்த வாலுமா ஒருத்தர் படுத்துக்கெடக்காரு. நீ வச்ச பேரு எனக்கு வாயில நொழைய மாட்டங்குது. நான் ஜமீன்னு வச்சிட்டேன். கூப்பிட்டா ரெண்டுக்குமே திரும்பிப் பாக்கல, அதனால ஒனக்கும் நட்டமில்ல.

அரமனைக்கு என்ன செலவாச்சுன்னு கேட்டேன். ஒண்ணுவிடாம ஒப்பிச்ச. மண்டை ஓடு மட்டும் 25 டாலர். சரி, சூட்டை நிறுத்துததுக்கு என்ன வாங்கி வச்சிருக்கன்னு கேட்டதுக்குத் தலையைச் சொறிஞ்ச. சூட்டை அளக்கதுக்குன்னு கேட்டா, கண்ணாடியில ஒட்டியிருக்குற ஒரு பொத்தானைக் காட்டுன. மண்டை ஓட்டுக்கு 25, தெர்மோஸ்டாட்டுக்குப் பூச்சியம். அப்பவே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சுலே. ஒங்க அப்பன் இந்த வீட்டுக்கு இன்னும் எத்தனை வருசம் கடன் கட்டணும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?

கெழவனுக்கு என்ன தெரியும்னு மொகத்தைச் சுளிக்காத. நீ பள்ளிக்கூடம் போன பொறவு எனக்கு இங்க என்ன சோலி? வெளிய போனா மூக்கு ஒறைஞ்சு போவுது. உள்ள இருந்தா யூடியூப்பு. ஒனக்குப் பாடம் எடுத்த அதே வெள்ளைக்காரன்தான் எனக்கும் எடுத்தான். அதுபோக, கோழிக்குஞ்சுக்குப் பல்பு போட்டு வளத்தவன் நான். ஒருநாக் குஞ்சு பெட்டியில வந்து எறங்குன மொத வாரம் அதுக்கு 95 டிகிரி பாரன்ஹீட்டு வேணும். வாராவாரம் அஞ்சஞ்சு டிகிரி கொறைச்சுக்கிட்டே வரணும். 95ன்னா ஒங்க கணக்குல 35. ஜமீன் கேக்குறதும் கிட்டத்தட்ட அதேதான். குஞ்சுக்கு நாலஞ்சு வாரத்துல செறகு மொளைச்சு வெளக்கே வேண்டாம்னு போயிரும். ஜமீனுக்குச் செறகும் மொளைக்காது, சம்பாத்தியமும் கெடையாது. ஆயுசுக்கும் நீதான் போடணும்.

மொதல்ல அவரு பூர்வீகத்தைக் கேட்டுக்கோ. லெப்பர்ட் கெக்கோ, சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம்ம தேசத்து வடமேற்கு மூலை வரைக்கும் சொந்தக்காரங்க இருக்காக. கல்லும் முள்ளுமாக் காஞ்சு கெடக்குற மலைக்காடு. 1854ல எட்வர்டு பிளைத்துன்னு ஒருத்தரு, கல்கத்தாவுல ஆசியச் சங்கத்து மியூசியத்தைப் பாத்துக்கிட்டிருந்தவரு, அறிவியல் பேரு வச்சு ஏட்டுல ஏத்துனாரு. இப்போ கடையில விக்குறதெல்லாம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளயே பொறந்ததுதான். பெத்தவுக ஊரைக் கண்ணால கண்டதில்ல, ஆனா ஒடம்பு மட்டும் அந்த ஊரு வெயிலைக் கேக்கும். நீ இங்க பொறந்து வளந்துட்டு மோர்மொளகாய்க்கு அலையுதியே, அந்த ரகம்.

நம்ம வீட்டுப் பல்லி மாரி இது சுவரேறாது. வெரல்ல ஒட்டுத பட்டை இல்ல. அதனால எந்த எடத்துல விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்தைப் பெரட்ட வேலையே இல்ல. ஒசரத்துக்குப் போனாத்தான விழும்? ஒங்க ஆச்சி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்து ஊரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. இதைத் தொட்டா ஒரு தோசமும் கழியாது, கையைக் கழுவணும், அம்புட்டுதான். ஆனா இதுக்குக் கண்ணிமை உண்டு. மூடும், தொறக்கும். நான் பாக்கையில ஒரு கண்ணை மட்டும் மூடிச்சு. வீட்டுல எனக்கு மரியாதை கொடுத்த மொத ஆளு அதுதான்.

நீயும் நானும் தின்ன சோத்துல இருந்தே சூட்டை உண்டாக்கிக்கிடுதோம். இதுக்கு அந்த வசதி கெடையாது. வெளிய இருந்து சூடு வந்தாத்தான் ஓடும், வேட்டையாடும், தின்ன பூச்சி செரிக்கும். குளுந்து கெடக்குற பல்லிக்கு நீ பாசத்துல பத்து வெட்டுக்கிளியப் போட்டின்னு வையி, அது வயித்துக்குள்ள செரிக்காமக் கெடந்து அழுகும். பட்டினி போட்டதவிட அது கேடு.

இப்போ கணக்கு. பெட்டியில ஒரு கோடி சூடு, மறுகோடி குளுமை. சூட்டுக் கோடியில அது படுக்குற தரை 32ல இருந்து 35 செல்சியஸ் வரைக்கும் இருக்கலாம். மறுகோடி 22ல இருந்து 25. நீ என்ன பண்ணியிருக்க? நட்டநடுவுல சூட்டை வச்சிருக்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கட்டும்னு சமத்துவமாக்கும்? ஜமீனுக்குச் சமத்துவம் ஆகாதுலே. சூடு வேணும்னா இங்கன வரும், போதும்னா அங்கன போவும். அதுக்கு இருக்குற ஒரே ரிமோட்டு அந்த நாலு காலு. பெட்டி பூரா ஒரே சூடா வச்சின்னா ரிமோட்டைப் புடுங்கிட்டன்னு அர்த்தம். அதுக்குப் பெட்டியும் நீளமா இருக்கணும். மூணடி நீளம், ஒண்ணரை அடி அகலம் இருந்தாத்தான் ரெண்டு கோடியும் ரெண்டு ஊரா இருக்கும். இன்னொண்ணு, ரெண்டு கோடியிலயும் ஒளிஞ்சுக்கிட ஒவ்வொரு பொந்து வையி. ஒன் அரமனையில மண்டை ஓட்டைத் தவிரப் பொந்தே இல்ல, அதுவும் குளுந்த பக்கம் கெடக்கு. பயந்த பல்லி சூட்டைவிட மறைவைத்தான் தேடும். சூடு இருந்தும் போவாது, ஒடுங்கிக் கெடக்கும், நீ ஹீட்டர் பத்தலன்னு இன்னொண்ணு வாங்குவ.

ராத்திரிக்குச் சொல்லுதேன் கேளு, இதுல காசு மிச்சம். அது காட்டுல ராத்திரியில குளுந்துதான் போவும். டொராண்டோவுல குளிர்காலத்துல வாடகை வீடுன்னா 21 டிகிரிக்குக் கொறையக் கூடாதுன்னு நகரசபை சட்டமே வச்சிருக்கு. ஒங்க வீடும் அந்த அளவுலதான் இருக்கு. பெறகு என்னத்துக்கு ராத்திரி பூராவும் வெளக்கு எரியுது? எல்லாத்தையும் அணைச்சிட்டு நீயும் தூங்கு, வீடும் தூங்கட்டும். பேஸ்மென்டுல வச்சிருக்குறவன்னா வேற. அங்க தரையே ஐஸ் மாரி இருக்கும். 18க்கும் கீழ எறங்குதுன்னா மட்டும், வெளிச்சம் வராத சூட்டுக் குமிழ் ஒண்ணைத் தெர்மோஸ்டாட்டோட போட்டுக்கிடலாம்.

சூடுன்னதும் ஒரு கூத்து ஞாவகம் வருது. இந்தப் பல்லி முட்டையில ஆணா பொண்ணாங்குறதைத் தீர்மானிக்குறதே சூடுதானாம். 26 டிகிரியில அடைவச்சா அம்புட்டும் பொட்டை. 32, 33ல வச்சா பெரும்பாலும் கெடா. சரி, இன்னும் ஏத்துனா கெடாவாவே வரும்னு நெனைப்ப. 35 பக்கம் போனா மறுபடியும் பொட்டை பெருத்துருது. மூணாவதும் பொண்ணுன்னு ஒங்க ஆச்சியை எங்க ஆத்தா என்ன பேச்சுப் பேசுனாங்கிற! பல்லியா இருந்திருந்தா வீட்டுக் கூரையைத் திட்டியிருக்கலாம்.

சரி, சோலிக்கு வருவோம். அந்தப் பாறையை இன்னைக்கே வெளிய எடு. உள்ளுக்குள்ள கம்பி வச்சுச் சூடு ஏத்துத பாறை. பேரைக் கேட்டா வெயில்ல காஞ்ச கல்லுன்னு தோணும். உள்ள எந்த எடத்துல கம்பி ஓடுதோ அந்த எடம் நெருப்பு, மத்த எடம் சும்மா வெதுவெது. சுட்டா எந்திரிச்சுப் போயிராதான்னு கேக்க. போவாது. வயித்துத் தோல் வேகுறதுக்கு இந்தச் சாதி சட்டுன்னு துள்ளாது, பாட்டுக்குப் படுத்துக் கெடக்கும். கடைக்காரன் அதையும் அலமாரியில வச்சித்தான் விக்கான். விக்குறதெல்லாம் வேணும்னா நம்ம ஊரு திருநாக் கடையில பொம்மைத் துப்பாக்கியும் விக்கான், வாங்கிக் காவலுக்கு நிக்க முடியுமா?

ஹீட் மேட்டு இருக்கே, அந்தச் சூட்டுப் பாய், அது தேவலாம். ஆனா பாயை எப்படி விரிக்கணும்னு ஒரு மொறை இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்கு அடியில, வெளிப்பக்கம், தரையில மூணுல ஒரு பங்கு மட்டும், ஒரு கோடியில. மடக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, ஒருதடவை ஒட்டிட்டா உரிச்செடுத்து வேற எடத்துல ஒட்டக் கூடாது. பெட்டிக்கு நாலு மூலையிலயும் ரப்பர் காலு கொடுத்து ஒசத்தி வையி, அடியில காத்து போவட்டும். நீ என்னடான்னா மேசை மேல கம்பளியை விரிச்சு, அதுமேல பாயை வச்சு, அதுமேல பெட்டியை வச்சு, பெட்டிக்குள்ள நாலு வெரக்கடை மணலைக் கொட்டி வச்சிருக்க. மேலயும் மூடி, கீழயும் மூடி! சூடு எங்கலே போவும்? கண்ணாடி விரிசல் விடும், இல்ல கம்பளி கருகும். மணலையும் அள்ளிப் போடு. பூச்சியோட சேந்து மணலைத் தின்னா கொடல் அடைச்சுக்கிடும். தரைக்கு ஓடு பதி. வீடு கட்டுதவன் கடையில ஒடைசல் டைல்சு கேட்டா சும்மாவே கொடுப்பான். ஓட்டுல சூடு நிக்கும், தொடைக்கவும் லேசு.

இப்போ அந்தத் தெர்மோஸ்டாட்டு. ஏலே, சூடு போடுதது ஒரு வித்தையா? கம்பியில மின்சாரம் விட்டா அது பாட்டுக்குச் சூடாவும். எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியாது. பாயைத் தெர்மோஸ்டாட்டு இல்லாமச் சொருகிப் பாரு, நீ கேட்ட 33ஐத் தாண்டி 40, 45ன்னு அது பாட்டுக்கு ஏறும். பாய் கெட்டுப் போச்சுன்னு நீ சொல்லுவ. பாய் ஒழுங்கா அது வேலையைச் செஞ்சுது. நிறுத்தச் சொல்லுததுக்கு ஆளு வைக்கலைங்குறதுதான் சங்கதி.

அதுலயும் மூணு ரகம் இருக்கு. வெட்டி வெட்டிப் போடுதது ஒண்ணு, பாய்க்கு அது போதும். சூட்டுக் குமிழுக்குத் துடிப்புத் துடிப்பா விடுதது நல்லது. வெளிச்சம் வர்ற பல்புக்கு மங்க வைக்குறது வேணும். இல்லன்னா கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாரி அணைஞ்சு அணைஞ்சு எரியும், ஜமீனுக்கு உண்மையிலயே டென்சன் ஆயிரும்.

தெர்மோஸ்டாட்டு வாங்கிட்டா எல்லாம் தீந்துச்சுன்னு படுத்துராத. அதுக்கு ஒரு நீளக் கம்பி இருக்கும், நுனியில ஒரு சின்ன மூக்கு. அந்த மூக்கு மோந்து பாத்துத்தான் உள்ள சூடா, குளுமையான்னு அதுக்குத் தெரியும். மூக்கு பாய்க்கு நேர் மேல, ஜமீன் படுக்குற எடத்துல, ஆடாம அசையாம இருக்கணும். ஒரு நா நீ பெட்டியைச் சுத்தம் பண்ணுத. கம்பியை வெளிய எடுத்து மேசையில போட்டுட்டு, திருப்பி வைக்க மறந்துட்டு ஹாக்கி பாக்கப் போயிருத. மூக்கு வெளிய 21 டிகிரியில கெடக்கு. "ஐயோ, ஜமீன் வெறைக்காரு"ன்னு அது பாயை முழுசா முடுக்கிவிடும். எம்புட்டுதான் சூடு ஏறுனாலும் மூக்குக்கு 21தான். நாயைக் காவலுக்கு வச்சிட்டு, அதைக் கொண்டுபோயி அடுத்த தெருவுல கட்டுன கதை. அதனால மூக்கை ஓட்டுக்கு அடியில குடுத்து, கம்பியை சிலிக்கான் வச்சு ஒட்டு. செலோடேப்பு மட்டும் பெட்டிக்குள்ள வேண்டவே வேண்டாம். பிரிஞ்சு தொங்குத டேப்புல பல்லி ஒட்டிக்கிட்டா தோலோட வரும்.

நான் ஒனக்குக் கொடுக்குற யோசனை என்னன்னா, வாட்டை எப்பவும் சின்னதா எடு. 100 வாட்டு வாங்கித் தெர்மோஸ்டாட்டை வச்சு அடக்கிக்கிடலாம்னு நெனைக்காத. தெர்மோஸ்டாட்டும் மனுசன் செஞ்சதுதான். ஒரு நா மாட்டிக்கிட்டு, மின்சாரத்தை நிறுத்தாமலே விட்டுருச்சுன்னா? முழு வேகத்துல எரிஞ்சாலும் ஜமீன் செத்துராத அளவுக்குத்தான் ஹீட்டரே இருக்கணும். மாடு முரண்டு புடிச்சா மூக்கணாங்கயிறு நிக்குமான்னு பாக்கதுக்கு முன்ன, எம்மாம் பெரிய மாட்டை வாங்குதோம்னு பாக்கணும்.

மேல இருந்து சூடு போடுதது நல்லதுன்னு இப்போ நெறைய பேரு சொல்லுதாக. எனக்கும் அது ஞாயமாத்தான் படுது. அது ஊர்ல வெயில் மேல இருந்து கல்லைக் காச்சுது, கல்லு வயித்தைக் காச்சுது. ஹாலஜன் பல்புச் சூடு பாய்ச்சூட்டைவிட ஒடம்புக்குள்ள ஆழமா எறங்கும். ஆனா மேல தொங்குத சூடுன்னாலே எனக்குப் பயம், ஏன்னு சொல்லுதேன்.

நம்ம தெருக்கோடியில ஒருத்தரு குஞ்சுக்கொட்டகை போட்டாரு. பேரு வேண்டாம். தரையில உமி, மேல கயித்துல கட்டுன பல்பு, பல்புக்குத் தகரத் தொப்பி. நல்ல பல்பு, புது ஒயரு. ஒரு மார்கழி ராத்திரி கயிறு இத்துப் போச்சோ, எலி கடிச்சிச்சோ, பல்பு உமி மேல எறங்கிருச்சு. ஒடையவும் இல்ல, அணையவும் இல்ல. படுத்துக்கிட்டே எரிஞ்சிருக்கு. விடியக்கால கொட்டகையும் இல்ல, குஞ்சும் இல்ல. அவரு வயரிங் சரியில்லன்னு வயர்மேனோட மல்லுக்கு நின்னாரு. பல்பும் ஒயரும் ஒரு தப்பும் பண்ணல. மூணு ரூவாக் கயிறு பண்ணிச்சு.

இப்போ ஒன் வெளக்கைப் பாரு. கிளிப்பு வச்சு மேசை ஓரத்துல கவ்வ விட்டிருக்க. அந்தக் கிளிப்பு ஸ்பிரிங்கு வருசம் போவப்போவ தளரும். ஒங்க வீட்டுப் பூனை ஒருதடவை அந்த ஒயர்ல வெளையாண்டாப் போதும். கீழ கார்ப்பெட்டு, பக்கத்துல திரைச்சீலை, அதுக்கு அந்தப்பக்கம் நீ மடிக்காமப் போட்டிருக்குற சட்டை மலை. கிளிப்பை நம்பாத. மேல ஒரு கொக்கி போட்டுச் சங்கிலியில தொங்க விடு. கிளிப்பு விட்டாலும் சங்கிலி புடிக்கணும். நைலான் கயிறு ஆகாது, சூட்டுல உருகும். சூட்டுக் குமிழைப் பீங்கான் ஹோல்டர்லதான் போடணும். பிளாஸ்டிக் ஹோல்டர்ல போட்டா ஹோல்டர் இளகி, குமிழு தானா எறங்கி வரும். குமிழுல வெளிச்சமே வராதுங்குறதால எரியுதா இல்லையான்னு ஒனக்குத் தெரியாது. தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிடலாம்னு நெனைச்சா வெரல்ல தோல் மிஞ்சாது. பெட்டிக்குள்ள மாட்டுனா கம்பிக்கூண்டு போட்டு மாட்டு. சுவரேறாத பல்லிதான், ஆனா அந்த மண்டை ஓட்டு மேல ஏறி எட்டிப் பாக்கும்.

செவப்பு பல்பு ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே, ராத்திரியில பல்லிக்குச் செவப்பு தெரியாதுன்னு. யாரு சொன்னா? வெளிச்சம் வெளிச்சம்தான். அதுக்கு ராத்திரின்னா இருட்டு வேணும். ரூமுக்குள்ள நொழைஞ்சா போட்டோ கழுவுத ஸ்டூடியோ மாரி இருக்கு. கழட்டு.

ப்ளக்கு பாயின்டு பக்கம் வருவோம். ஒரு எக்ஸ்டென்சன் பெட்டியில இன்னொரு எக்ஸ்டென்சனைச் சொருகி, அதுல கம்ப்யூட்டரு, போன் சார்ஜரு, வெளக்கு, பாய், அம்புட்டும். சூடு போடுத சாமானைச் சுவத்துப் பாயின்டுல நேராச் சொருகு. தெர்மோஸ்டாட்டைச் சேத்தா அதோட நிறுத்திக்கோ. வாங்கையில பெட்டியில சி.எஸ்.ஏ. முத்திரை இருக்கான்னு பாரு. கனடாவுல அதுதான் நம்ம ஐ.எஸ்.ஐ. மாரி. ஆன்லைன்ல மூணு டாலருக்குக் கெடைக்குதுன்னு முத்திரையில்லாச் சாமானை வாங்காத. ஒயரு ப்ளக்குக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவை கீழ தொங்கி, மேல ஏறிப் போற மாதிரி விடு. நீ தண்ணி தெளிக்கையில ஒயரு வழியா வழிஞ்சா அந்தத் தொங்கல்ல சொட்டிரும், பாயின்டுக்குள்ள போவாது. நம்ம மோட்டார் ரூம்ல நான் அப்படித்தான் விட்டிருக்கேன், கரண்டு ஆபீசு காரன் வந்து "யாரு சொல்லிக் கொடுத்தா"ன்னு கேட்டான்.

இதை ஒங்க அம்மாட்ட நீதான் பக்குவமாச் சொல்லணும், நான் சொன்னா மாமனாரு குத்தம் சொல்லுதாருன்னு ஆயிரும். மாடியில பொகை அலாரம் வாயைப் பொளந்துக்கிட்டுத் தொங்குது, உள்ள பேட்டரி இல்ல. தாளிக்கையில கத்துதாம், கழட்டி டிராயர்ல வச்சிருக்கா. ஒன்டாரியோவுல ஒவ்வொரு தளத்துலயும் அது வேலை செய்யணும்னு சட்டம், கழட்டி வைக்கிறதே குத்தம். கடுகுக்குக் கத்தட்டும். கடுகுக்குக் கத்துததுதான் ஒன் கம்பளிக்கும் கத்தும்.

ஊருக்குப் போறப்போ ஒன் சூட்டுப் பாயைக் கோழிக்குஞ்சுக்குக் கொண்டு போலாமான்னு எனக்கே ஒரு ஆசை வந்துச்சு. பொறவு கணக்குப் போட்டுப் பாத்தேன். இங்க 120 வோல்ட்டு, நம்ம ஊர்ல 230. ரெண்டு மடங்கு வோல்ட்டு, ரெண்டு மடங்கு சூடுதானன்னு நீ நெனைப்ப. அது வர்க்கக் கணக்குலே. கிட்டத்தட்ட மூணே முக்கால் மடங்கு. 16 வாட்டு பாயி 60 வாட்டு இழுக்கும். குஞ்சு வளரதுக்கு முன்ன கறியாயிரும். வேண்டாம், இங்கனயே கெடக்கட்டும்.

அளக்குறதுக்கு வா. கண்ணாடியில ஒட்டியிருக்குற அந்த வட்டப் பொத்தான் சுவரு சூட்டைச் சொல்லும். ஜமீன் சுவத்துலயா படுக்காரு? தரையைக் காட்டிச் சுடுத துப்பாக்கி மாரி ஒரு கருவி இருக்கு. விசையை அமுக்குனா அந்த எடத்துச் சூட்டைச் சொல்லிரும். அது ஒண்ணு வாங்கு. தெர்மோஸ்டாட்டு சொல்லுததை நம்பாம, ஒயர் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனியா ஒண்ணு போடு. சாட்சி ரெண்டு பேரா இருந்தாத்தான் ஒருத்தன் பொய் சொன்னா தெரியும்.

கருவி இல்லாமலும் பாக்கலாம். எங்க காலத்துல குஞ்சுக்குத் தெர்மாமீட்டரா வச்சோம்? எல்லாம் பல்புக்கு அடியில குமிஞ்சு கெடந்தா குளுருதுன்னு அர்த்தம். எல்லாம் சுவரோரம் ஒதுங்கி வாயைப் பொளந்தா வெந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அங்கங்க பரவிக் கெடந்தா நாங்க வீட்டுக்குப் போயிருவோம். ஜமீனும் அப்படித்தான். எந்நேரமும் சூட்டு ஓட்டுல அப்பிக் கெடக்காரா, சூடு பத்தல. எந்நேரமும் குளுந்த மூலையில ஒடுங்கிக் கெடக்காரா, மறுகோடி சுடுது. போயிப் போயி வந்தாருன்னா சரியா இருக்கு. ஒரு வாரம் போனை வச்சிட்டு அவரைப் பாரு.

இந்த ஊர்ல ஹீட்டர் போட்டுப் போட்டு வீட்டுக் காத்தே வறண்டு போவுது. எனக்கு ஒதடு வெடிச்சிருக்கு, ஜமீனுக்குத் தோல் உரியாது. வெரல் நுனியில பழைய தோல் சுத்திக்கிட்டு இறுக்குச்சுன்னா வெரலே போயிரும். ஈரப்பாசி போட்ட ஒரு டப்பாவைச் சூட்டுக் கோடிக்குப் பக்கத்துல வையி, ஒரு ஓட்டை போட்டு. தானா உள்ள போயி உரிச்சுக்கிடும்.

இப்போ கரண்டு போச்சுன்னா? சிரிக்காத. ஒங்க நாட்டுல போவாதுன்னு நெனைப்பு. 2013 டிசம்பர்ல பனிமழை பெஞ்சு மரமெல்லாம் ஒடைஞ்சு விழுந்து, டொராண்டோவுல மட்டும் 3 லச்சம் வீட்டுக்கு மேல இருட்டாக் கெடந்துச்சுன்னு ஒங்க அப்பன் சொல்லியிருக்கான். கிறிஸ்மஸ் அன்னைக்கும் நெறைய பேருக்கு வரல. அப்படி ஆனா மொதல்ல பதறாத. ஜமீன் ஊர்லயும் குளிர்காலம் உண்டு, அவரு பொந்துக்குள்ள அடங்கிக் கெடந்து பழக்கப்பட்ட வம்சம். ஒரு ராத்திரி குளுந்தா செத்துர மாட்டாரு. தீனி மட்டும் போடாத. ப்ளக்கையெல்லாம் புடுங்கிட்டு, பெட்டியைச் சுத்திக் கம்பளியைப் போத்து, காத்து போவ மேல கொஞ்சம் விடு. பாட்டில்ல வெந்நி ஊத்தித் துணியில சுத்தி ஒரு மூலையில வையி. கரண்டு வந்ததும் மொத வேலை கம்பளியை எடுக்கது. போத்தினபடியே ப்ளக்கைச் சொருகிட்டின்னா நான் சொன்ன அம்புட்டும் வீண். மெழுகுவத்தியைப் பெட்டிக்குப் பக்கத்துல கொண்டு போகாத. கரி அடுப்பை வீட்டுக்குள்ள கொண்டாந்து பத்த வைக்கிறதைப் பத்தி நெனைக்கவே செய்யாத. அந்தப் பொகையில மணமும் இல்லாத, நெறமும் இல்லாத வெசம் ஒண்ணு இருக்கு. பல்லிக்கு முன்ன நாம போயிருவோம்.

கடைசியா ஒண்ணு. இந்தச் சாதி நல்லா வளத்தா பதினஞ்சு, இருவது வருசம் இருக்குமாம். அது ஒனக்குச் சொன்னாங்களா, கடையில? பாயி, பல்பு, தெர்மோஸ்டாட்டு ஒண்ணும் அவ்வளவு காலம் ஒழைக்காது. பாய் ஓரம் கருகியிருக்கா, ஒயரு வெடிச்சிருக்கா, மூக்கு எடத்துல இருக்கான்னு குளிர்காலம் தொடங்குதப்போ ஒருதடவை கழட்டிப் பாரு. நீ காலேஜுக்கு வேற ஊருக்குப் போவ, அப்போ ஒங்க அம்மாதான் பாக்கணும். அவளுக்கு இப்பவே எழுதி வச்சிரு: எதைத் தொடணும், எதைத் தொடக் கூடாதுன்னு. தமிழ்ல எழுது, எனக்கும் படிக்கத் தெரியணும்.

பொண்ணு பாக்கப் போறப்பயும் ஜமீன் இருப்பாரு, பாத்துக்கோ. பொண்ணு வீட்டுல இருந்து வந்தவுக ரூமைப் பாக்கணும்பாக, பாப்பாக. "தம்பி, இது என்ன?"ன்னு கேட்டா, "மாமா, இது தெர்மோஸ்டாட்டு"ன்னு மொதல்ல அதைக் காட்டு. பொறுப்பான பயலா இருக்கானேன்னு நெனைப்பாக. பல்லியைப் பொறவு காட்டலாம்.

என்ன முழிக்க? போனை எடு, இப்போ எடுக்கலாம். ஆர்டர் போடு. ஒங்க அப்பன் கார்டு நம்பரு எனக்கு மனப்பாடம்.